எடுக்காதீங்க, கட் பண்ணுங்க

வெளிநாட்டு மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் நாலு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி மேனேஜர் கேட்டார். தமிழிலேயே எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் டிபன் நேரத்தில் வாசித்துக் காட்டுங்கள். டிபனும் கொஞ்சம் மெதுவாக உள்ளே போகும்.

டிக்கெட் போடுவதையும் விசாவுக்குத் தேதி வாங்குவதையும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதெல்லாம் உங்கள் திரையிலேயே இருக்கிறது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் இந்தச் சின்ன டிராவல் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெளிநாடு போகிறவர்கள் ஸ்வெட்டர் வேண்டுமா, ஊறுகாய் கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருஷங்களில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: “மேடம், அங்க போய் போனை எப்படிக் கம்மிச் செலவுல யூஸ் பண்றது?”

நியாயமான கேள்வி. செம்பூரில் இருந்து ஒரு ஆடிட்டர் லண்டனுக்குப் போனார். விமானத்தில் போனை ஏர்ப்ளேன் மோடில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். விமானத்துக்குள்ளேயே ஒரு நெட்வொர்க் இருக்கிறது. அது ஊரிலிருக்கிற நெட்வொர்க் மாதிரி இல்லை, தொட்டாலே காசு. இறங்கினபோது லண்டனில் பேசுவதற்காக வாங்கிய ரோமிங் பேக் அப்படியே இருந்தது, பில் மட்டும் தனியாக ஏறியிருந்தது. எந்தப் பேக், எந்த சிம், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்தப் பேக்கில் கடைசியில் கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது, பயணி எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, எதிரே அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அப்போது என்ன செய்வது என்பதுதான் விஷயம். அப்படி ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தாராவியில் இசக்கியம்மா என்று ஒரு அம்மா. தோல் பை செய்கிற பட்டறையில் உள்துணி தைக்கிற வேலை. அவருடைய கணவர் சுடலைமுத்து அதே பைகளை டெம்போவில் ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகன் செல்வம், சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போயிருந்தான். ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது தடிக் கயிறு அறுந்து அவன் காலில் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் ஆபரேஷன் முடிந்து, இரண்டாவது ஆபரேஷனில்தான் கால் தங்குமா தங்காதா என்று தெரியும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். வீட்டில் ஒருவர் வந்து கூட இருக்கலாம் என்று கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்தது. சுடலைமுத்துவின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. இசக்கியம்மாவின் பாஸ்போர்ட் சரியாக இருந்தது. அதனால் அவரே கிளம்பினார். பம்பாயைத் தாண்டினால் திருநெல்வேலி, திருநெல்வேலியைத் தாண்டினால் பம்பாய் என்று இருந்தவர், தனியாக.

டிக்கெட் நான் போட்டேன். விசா, ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். வளைகுடாவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். இருப்பதிலேயே விலை குறைந்த ரோமிங் பேக்கை சுடலைமுத்து வாங்கினார். கொஞ்சம் டேட்டா, கொஞ்சம் பேச்சு நிமிடம். அதில் தப்பு எதுவும் இல்லை. நான்கூட அதையேதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடுகிற நேரத்தில் ஸ்பெயினில் இருந்து போன் வந்தது. கப்பல் கம்பெனியின் அந்த ஊர் ஏஜென்ட். இசக்கியம்மாவை அழைத்து வரப் போன டிரைவர் விமானம் இறங்கி எல்லோரும் வெளியே வந்து முடிகிறவரை நின்றிருக்கிறார். அந்த அம்மா வரவில்லை. டிரைவர் திரும்பிப் போய்விட்டார். நம் ஊர் நேரத்துக்கு அன்று சாயங்காலம் செல்வத்துக்கு ஆபரேஷன்.

இசக்கியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். ஒற்றை டிக். பக்கத்து நாற்காலியில் இருந்த கணேஷ், தேவ்நாரில் பிறந்து வளர்ந்த பையன், என்னோடு நாலைந்து வருஷமாக வேலை செய்துகொண்டிருந்தான், அவனும் போட்டான். ஒற்றை டிக்தான். போன் செய்தோம். ஸ்விட்ச் ஆஃப்.

நான் சுடலைமுத்துவைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டியதாயிற்று. எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. டெம்போவை எங்கேயோ நிறுத்திவிட்டு, சட்டையெல்லாம் தோல் வாசனையோடு வந்து நின்றார்.

“மேடம், அவ எங்ஙன இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

கணேஷுக்குக் கை பரபரத்தது. “மேடம், எம்பசிக்குப் போடலாமா? இல்ல அந்த ஏர்போர்ட் போலீசுக்கு?”

இந்த மேசையில் எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாராவது பயணி காணோம் என்று பதறிக்கொண்டு வந்தால், “அவர் கையில என்ன இருக்குன்னு முதல்ல கேளு” என்பார். பையில் என்ன, சட்டையில் என்ன, அவருக்கு எந்தப் பாஷை தெரியும், யாருடைய நம்பர் மனப்பாடம். ஊரைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடுவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். எனக்கு அப்போது அதுதான் ஞாபகம் வந்தது. அந்த அம்மா கையில் இருந்தது நான் போட்ட டிக்கெட்டு. அதைத் திரையில் திறந்து பார்த்தேன்.

டிக்கெட் மாறியிருந்தது. வளைகுடாவில் அவர் அடுத்த விமானத்தைத் தவறவிட்டிருக்கிறார். விமானக் கம்பெனிக்காரர்கள் அதற்கடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இப்போது வானத்தில்தான் இருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரத்தில் இறங்குவார்.

“அங்கிள், டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க. பறந்துகிட்டு இருக்காங்க” என்றான் கணேஷ்.

சுடலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரைக்கும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

ஆனால் பாதி நிம்மதிதான். இறங்குகிற இடத்தில் யாரும் இல்லை. ஏஜென்டைக் கூப்பிட்டேன். டிரைவர் துறைமுகத்துக்குப் போய்விட்டார், திரும்பி விமான நிலையத்துக்கு வர நேரமாகும், வந்துவிடுவார், அதுவரை அந்த அம்மா அங்கேயே இருக்க வேண்டும் என்றார். சொல்வதற்குச் சுலபம். அந்த அம்மாவுக்குத் தமிழும் தாராவி ஹிந்தியும் தெரியும். அங்கே இரண்டும் செல்லாது.

“அவ நிக்க மாட்டா மேடம்” என்றார் சுடலைமுத்து. “சயான்ல பஸ் வரலன்னா பாத்துக்கிட்டு நிக்க மாட்டா, தாராவிக்கு நடந்தே வந்துருவா. அங்ஙனயும் ஆஸ்பத்திரி எங்கன்னு கேட்டுக்கிட்டே நடக்க ஆரம்பிச்சிருவாளோன்னுதான் பயமா இருக்கு.”

அந்த சிம் சுடலைமுத்துவின் பெயரில் இருந்தது. அவரையே போன் கம்பெனியின் கஸ்டமர் கேரோடு பேச வைத்தோம். டேட்டா சுத்தமாகத் தீர்ந்திருந்தது. பேசுவதற்கு ஆறு நிமிடம் மிச்சம்.

எப்படித் தீர்ந்தது என்று கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. வளைகுடாவில் போனைத் திறந்ததும் பேக் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா வீடியோக்கள் வரிசையாக வந்திருந்தன. யாரும் தொடாமலே அவை தானாக இறங்கி டேட்டாவைத் தின்றுவிட்டன. பேச்சு நிமிடத்தை உறவுக்காரர்கள் தின்றார்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வருகிற போனை எடுத்தாலும் நிமிடம் போகும். அது அவர்களில் யாருக்கும் தெரியாது. வள்ளியூரில் இருந்து அக்கா, தாராவியில் இருந்து நாத்தனார், எல்லோரும் “எறங்கிட்டியா, பயப்படாத” என்று பேசியிருக்கிறார்கள்.

“நாந்தான் மூணு தடவ அடிச்சேன்” என்றார் சுடலைமுத்து. அவர் முகத்தைப் பார்க்கவில்லை நான்.

வளைகுடாவில் விமானம் ஏறவேண்டிய வாசல் மாறிவிட்டது என்று அறிவித்தபோது இசக்கியம்மா போனில் இவர்களில் யாரோ ஒருவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்களுக்கு இப்போது வாயில் ஒரு கேள்வி வந்திருக்கும். இன்னொரு பேக் போடவேண்டியதுதானே? போட்டோம். கணேஷ் தன் கார்டிலேயே போட்டான். பணம் போய்விட்டது. பேக் ஏறவில்லை. ‘செயல்படுத்தப்படுகிறது’ என்று ஒரு வரி சுற்றிக்கொண்டே இருந்தது. அது ஏறும்போது ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். ஏறினால் நல்லது. ஏறும் என்று நம்பி எதையும் செய்யக்கூடாது. ஆறு நிமிடம் இருக்கிறது. ஆறு நிமிடத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

விமானம் இறங்கியதும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றான் கணேஷ். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். நான் பேசினால் அவர் அழுவார். நான் தேற்றுவேன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பேன், அவருக்குச் சொல்லத் தெரியாது. நிமிடம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே ஒருவர் அவரை நிறுத்தி ஏதாவது கேட்டால்? அந்த ஆறு நிமிடம் அதற்குத்தான் வேண்டும், அவருக்காக யாராவது பேசவேண்டிய நேரத்துக்கு.

“இசக்கியம்மாவுக்குத் தமிழ் படிக்க வருமா?” என்று கேட்டேன்.

“பேப்பர் வந்தா மொதல்ல அவதான் படிப்பா. எனக்குப் பெறகுதான் கெடைக்கும்.”

சாதாரண எஸ்.எம்.எஸ். நாம் எல்லோரும் மறந்துபோன ஒன்று. பாங்க்காரர்களும் போன் கம்பெனிக்காரர்களும் மட்டும்தான் இப்போது அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும்போது அது வந்து விழுவதற்குப் பொதுவாகப் பைசா கிடையாது. டேட்டாவும் வேண்டாம். ஆனால் அவர் பதில் அனுப்ப முடியாது, அவருடைய பேக்கில் அது இல்லை. படித்தாரா இல்லையா என்று எப்படித் தெரியும்?

கணேஷ் தலையைச் சொறிந்தான். “மேடம், எங்கம்மா சின்ன வயசுல மிஸ்டு கால் குடுப்பாங்க. ஒரு ரிங்குன்னா வீட்டுக்கு வா, ரெண்டு ரிங்குன்னா பால் வாங்கிட்டு வா.”

“அவங்க அடிக்கக் கூடாதே. அடிச்சு யாராவது எடுத்துட்டா நிமிஷம் போயிடுமே” என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தோன்றிவிட்டது. அவர் அடிக்க வேண்டாம். நாம் அடிப்போம். அவர் எடுக்காமல் கட் பண்ணினால் போதும். எடுக்காத போனுக்கு நிமிடம் குறையாது.

நான் தமிழில் அடித்தேன். ஏறக்குறைய இப்படி: ‘இசக்கியம்மா, நான் மாட்டுங்கா டிராவல் ஆபீஸ். உங்க வீட்டுக்காரர் பக்கத்திலதான் இருக்கார். பயப்படாதீங்க. உங்க போன்ல பேச கொஞ்ச நேரம்தான் இருக்கு, அதைப் பத்திரமா வெச்சுக்கணும். நாங்க போன் அடிப்போம். எடுக்காதீங்க, கட் பண்ணுங்க. கட் பண்ணினா இதைப் படிச்சிட்டீங்கன்னு நாங்க புரிஞ்சுக்குவோம்.’

விமானம் இறங்கி அவர் போனைத் திறக்கும்போது இதுதான் முதலில் வந்து விழவேண்டும். சுடலைமுத்துவுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உறவுக்காரர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டு, நான் சொல்லும்வரை யாரும் இசக்கியம்மாவுக்குப் போன் செய்யக்கூடாது என்று சொல்லச் சொன்னேன். அவர் வெளியே படியில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். “ஏட்டி, போன வச்சிரு. தொட்டேன்னா பாரு!” என்று நாத்தனாரை அதட்டுவது உள்ளே கேட்டது. பயந்துபோயிருக்கிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

திரையில் விமானம் இறங்கிவிட்டது என்று வந்தது. உடனே அடிக்கவில்லை. ரிங் கேட்டால் படிப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவார். காத்திருந்தோம். காத்திருப்பது இந்த வேலையில் ரொம்பக் கஷ்டமான விஷயம். எதிரே பூக்கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேரம் முழுக்க எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். ஒரு ரிங். இரண்டு. மூன்று. மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாவது ரிங் பாதியில் கட் ஆனது.

“படிச்சிட்டா!” என்று எழுந்துவிட்டார் சுடலைமுத்து.

“இருங்கோ” என்றேன். கட் ஆனது அவர் கையால்தானா, நெட்வொர்க்காலா என்று எப்படித் தெரியும்? இன்னொரு எஸ்.எம்.எஸ். போட்டேன். ‘இப்ப மறுபடி அடிக்கிறோம். இந்தத் தடவை எடுக்கவும் வேண்டாம், கட் பண்ணவும் வேண்டாம். அடிச்சு ஓயட்டும்.’

அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசிவரை அடித்து, சந்தாதாரர் பதில் அளிக்கவில்லை என்று ஒரு பெண் குரல் சொல்லி முடிந்தது. யாரும் எடுக்காத போனுக்கு இந்த ஆபீசில் கை தட்டினது அன்றைக்குத்தான். கணேஷ் தட்டினான்.

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக நடந்தது. ஆமாம் என்றால் கட், இல்லை என்றால் அடிக்க விடுவது என்று எழுதிப் போட்டேன். ‘வெளியே வந்துட்டீங்களா?’ அடித்து ஓய்ந்தது. வரவில்லை. ‘பாஸ்போர்ட் பாக்கிற வரிசையில நிக்கறீங்களா?’ கட். ‘கப்பல் கம்பெனி ஆள் வர நேரமாகும். வெளிய வந்ததும் தகவல் கவுன்டர் பக்கத்துல நாற்காலியில உக்காருங்க. டாக்சிக்காரங்க கூப்பிட்டா போகாதீங்க. நடக்காதீங்க. சரியா?’ கட்.

“நடக்காதீங்கன்னு இன்னொரு தடவ போடுங்க” என்றார் சுடலைமுத்து. போட்டேன். உடனே கட் ஆனது, முதல் ரிங்கிலேயே. “கோவத்துல பண்ணுதா” என்றார் அவர். முதல் தடவையாகச் சிரித்தார்.

அப்போது என் போன் அடித்தது. இசக்கியம்மாவின் நம்பர்.

எடுக்கக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். பேச்சு நிமிடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் நான்தான் சொல்லியிருந்தேன். இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஒரு பெண் அதை மீறிக் கூப்பிடுகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. எடுத்தேன்.

“மேடம், இங்ஙன ஒரு ஆபீசர் என்னமோ கேக்காரு. மவன் மவன்னு சொல்லுதேன், அவருக்கு வெளங்கல. திருப்பி அனுப்பிருவாரோன்னு பயமா இருக்கு மேடம்.”

“போனை அவர்கிட்ட குடுங்கோ. உங்க நீல ஃபைலையும் குடுங்கோ.”

அந்த ஆபீசர் என்னைவிட மெதுவாக ஆங்கிலம் பேசினார். எங்கே தங்கப் போகிறார், யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்றார். நான் ஆஸ்பத்திரி பெயரையும் கப்பல் ஏஜென்டின் பெயரையும் சொன்னேன். மகனுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆபரேஷன், அதற்கு முன்னால் அவனைப் பார்க்க வந்திருக்கிற அம்மா என்று சொன்னேன். காகிதம் புரட்டுகிற சத்தம். எதிரே சுடலைமுத்து எழுந்து என் மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

“மேடம், ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த அவகிட்ட” என்றார். கையை நீட்டினார்.

நான் தலையாட்டி இல்லை என்றேன்.

உங்களில் யாருக்காவது இது நடக்கும். இந்தப் பக்கம் உண்மையாக அழுகிற ஒருவர் இருப்பார். அந்தப் பக்கம் நீங்கள் பார்த்தே இராத ஒருவர் தீர்மானம் செய்துகொண்டிருப்பார். போனைக் கொடுப்பது நல்ல மனசு மாதிரித் தெரியும். நான் கொடுக்கவில்லை. அந்த ஆபீசர் “ஓகே” என்றார். அப்போதுதான் அவரிடம் ஒரு உதவி கேட்டேன். இவருக்கு உங்கள் பாஷை தெரியாது, கப்பல் கம்பெனி ஆள் வரும்வரை இவரை யாராவது தகவல் கவுன்டரில் உட்கார வைக்க முடியுமா? தன்னுடன் வேலை செய்கிற ஒரு பெண்ணை அனுப்புவதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இசக்கியம்மாவோடு பேசவில்லை.

ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருந்திருக்கும்.

சுடலைமுத்து திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கணேஷ் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், அவர் தொடவில்லை. நான் எஸ்.எம்.எஸ். போட்டேன்: ‘நல்லா பண்ணினீங்க. ஒரு அம்மா வந்து உங்களை உக்கார வைப்பாங்க. அவங்களோட போங்க. உக்காந்ததும் சொல்லுங்க.’ கொஞ்சம் பொறுத்து அடித்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி பொறுத்து அடித்தேன். கட்.

உட்கார்ந்துவிட்டார்.

அந்த மதியத்தில் அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஏஜென்டைக் கூப்பிட்டு டிரைவர் எங்கே, எங்கே என்று கேட்டதுதான். டிரைவர் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். தமிழில் ‘இசக்கியம்மா’ என்று எழுதிப் போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பினேன். அதை டிரைவர் தன் போனில் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த ஊரில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் எழுந்து வந்திருக்கிறார்.

சாயங்காலம் டீ வந்தபோது ஏஜென்டின் செய்தியும் வந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் மகனைப் பார்த்துவிட்டார். படித்துச் சொன்னேன். சுடலைமுத்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க போன குடுத்திருந்தா நான் அழுதிருப்பேன் மேடம்” என்றார் வெகுநேரம் கழித்து. “நான் அழுதா அவளும் அழுதிருப்பா. ரெண்டு பேரும் சேந்து அழுதே அந்த ஆபீசரத் தொலச்சிருப்போம்.”

புதிய பேக் அதற்குப் பிறகுதான் ஏறியது. கணேஷ் அந்தத் தகவலைப் படித்துவிட்டு ஹிந்தியில் ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து நான் எந்தப் பயணியையும் வெறும் பேக்கோடு அனுப்பியதில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள். இடையில் இறங்குகிற நாட்டிலும் அந்தப் பேக் வேலை செய்யுமா என்று பாருங்கள். வேலை செய்தால், அங்கேயே தீர்ந்துவிடாமல் இருக்க என்ன வழி என்று பாருங்கள். போனில் வீடியோ தானாக இறங்குவதை உங்கள் கையாலேயே நிறுத்திக் கொடுங்கள். சொல்லி அனுப்பினால் யாரும் செய்வதில்லை. அந்த ஊர் சிம்மோ, ஈ-சிம்மோ வாங்கினால் டேட்டாவுக்கு அதை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட வேண்டாம். பாங்க் ஓ.டி.பி. அதில்தான் வரும். வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, இவர் இறங்கியதும் இவரே செய்தி அனுப்புவார், நீங்கள் யாரும் அடிக்காதீர்கள் என்று சொல்லுங்கள். பயணியைவிட அவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். ஹோட்டல், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் வைஃபை கிடைக்கிற இடத்தில் மட்டும் ஆசை தீரப் பேசட்டும். ஆசை தீரப் பேசுவது தப்பில்லை, எந்த இடத்தில் என்பதுதான் கணக்கு.

மறுநாள் காலை ஆபீசைத் திறக்கும்போதே சுடலைமுத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்தது, பையன் தூங்குகிறான் என்று ஏஜென்டிடமிருந்து செய்தி வந்திருந்தது. கால் தங்கியதா என்று அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் முகத்தையே பார்க்கிறார்கள், இங்கே உட்கார்ந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது என்றார். உட்காருங்கோ என்றேன். கணேஷ் இன்னும் வரவில்லை.

அவருடைய போன் அடித்தது. வாட்ஸ்அப் வீடியோ கால். அவர் முந்தின நாள் பழக்கத்தில் கட் பண்ணப் போனார். நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்திவிட்டேன்.

“எடுங்கோ! அது ஆஸ்பத்திரி வைஃபை! எடுங்கோ!”

எடுத்தார். இசக்கியம்மாவின் முகம் தெரிந்தது, பாதி நெற்றியும் ஒரு காதும்தான். பின்னால் வெள்ளைச் சுவர். சுடலைமுத்து பேச வாயைத் திறந்தார்.

“நீங்க பேச வேண்டாம், பாருங்க” என்றார் அந்த அம்மா. படம் ஆடியது. கூரை தெரிந்தது, ஒரு ஜன்னல் தெரிந்தது, பிறகு வெள்ளைப் போர்வை. போர்வைக்கு வெளியே கட்டுப் போட்ட ஒரு பாதம். கட்டின் நுனியில் ஐந்து விரல்கள் மட்டும் வெளியே இருந்தன.

“ஏல, அப்பாவுக்குக் காட்டுல” என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டை விரல் அசைந்தது. அதற்குப் பிறகு மற்ற நாலும், சேர்ந்தாற்போல, மெதுவாக.

“பாத்தியளா? ஆட்டுதான்” என்றார் இசக்கியம்மா.

சுடலைமுத்து தன் விரலால் திரையில் அந்தக் கட்டை விரலைத் தொட்டார். தொட்டதில் போனில் ஏதோ அழுந்தி, அவருடைய சத்தம் அந்தப் பக்கம் போகாமல் நின்றுவிட்டது. “இருக்கியளா? கேக்குதா? இருக்கியளா?” என்று அந்த அம்மா அங்கே கத்திக்கொண்டிருந்தார். இவர் இங்கே ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போய் அந்தப் பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிட்டு, அவரைத் தனியாக விட்டுவிட்டு வெளியே படிக்கு வந்து நின்றேன்.